சாகாமல் திரும்பி வரும் துப்பறிவாளர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்பாலீர்ப்பு கொண்டவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அயல்மொழி நாவல்கள் தமிழில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருப்பதை வரவேற்றுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. கட்டுரையின் பெரும்பகுதி எனக்கு உடன்பாடானதே. ஆனால் கட்டுரையாளர் நடுவே ஓரிடத்தில், மேலைநாடுகளில் இதே மனிதர்களை நாயகர்களாக வைத்து நகைச்சுவைத் துப்பறியும் நாவல்களும் நிறைய எழுதப்படுகின்றன என்றும், அவை ரயிலில் பொழுது போக்க உதவுமே தவிர யாருடைய மனத்தையும் மாற்ற உதவமாட்டா என்றும் ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இந்த நீண்ட மறுப்பு.

நான் மேற்கு மாம்பலத்தில் 1984 முதல் 2012 வரை வாடகை நூலகம் நடத்தியவள். வீட்டின் முன்னறையே நூலகம். மாத நாவல்களை மூன்று மூன்றாகச் சேர்த்து பைண்டு செய்வதும், வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்துத் தைத்து அட்டை போடுவதும், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கை வாடகையாக வாங்கி நோட்டில் வரவு வைப்பதுமாக இருபத்தெட்டு ஆண்டுகள் போயின. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட இலக்கியக் கொள்கை ஒன்றே ஒன்றுதான். குடும்ப நாவல் கேட்டு வருபவர் எழுதியவரின் பெயரைச் சொல்லிக் கேட்பார்; துப்பறியும் நாவல் கேட்டு வருபவர் துப்பறிபவரின் பெயரைச் சொல்லிக் கேட்பார். “விவேக் வந்தாச்சா?”, “பரத்-சுசீலா புதுசு இருக்கா?”, “கணேஷ்-வசந்த்தை யார் எடுத்துட்டுப் போயிருக்காங்க?” என்று அவர்கள் கேட்கும்போது அந்தக் குரலில், ஊருக்குப் போன தம்பி திரும்பிவிட்டானா என்று விசாரிக்கும் உரிமை இருக்கும்.

இன்னொரு செய்தியையும் துப்பறியும் கதை மரபுப்படி இப்போதே சொல்லிவைக்கிறேன். எங்கள் நூலகத்தில் தீராத ஒரு தொல்லை இருந்தது. யாரோ ஒருவர், துப்பறியும் நாவல்களின் முதல் பக்கத்துக் கீழ்மூலையில், மிகப் பொடியான, அழகான எழுத்தில், பென்சிலால் கொலையாளியின் பெயரை எழுதி வைத்துவிடுவார். நான் ரப்பரால் அழித்து ஓய்ந்தேன். கல்லூரி மாணவர்களைச் சந்தேகித்தேன்; ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் கூடச் சந்தேகித்து, அவர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே புகார்ப் புத்தகம் ஒன்று வைத்தேன். அவர் மின்விசிறியைப் பற்றி ஒரு பக்கம் புகார் எழுதினார், எழுத்து பொருந்தவில்லை. நூலகத்தை மூடும் நாள்வரை ஆள் அகப்படவில்லை.

மூடிய பிறகு சில ஆண்டுகள் கழித்து, திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதையில், என் வயதுக்காரர்கள் இன்னமும் பைகிராப்ட்ஸ் சாலை என்றே சொல்லும் அந்த இடத்தில், பழைய ஆங்கில நாவல்கள் கொண்ட ஒரு கட்டை வாங்கினேன். நான் தேடியது வேறு. கடைக்காரர் கட்டைப் பிரித்துத் தர மறுத்ததால் மொத்தமாக வாங்க நேர்ந்தது. அதில் முதலில் கையில் எடுத்தது கிராண்ட் மைக்கேல்ஸ் என்பவர் 1990இல் எழுதிய நாவல். துப்பறிபவர் ஸ்டான் கிரேசிக், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து முடிதிருத்தும் கலைஞர். கத்தரிக்கோல் பிடிக்கும் கையால் கொலையைத் துப்புத்துலக்குகிறார். அவர் ஆண்களை விரும்புகிறவர் என்பது நாவலின் மர்மமும் அன்று, முடிவும் அன்று, பிரச்சினையும் அன்று. அவருக்கு நாக்கு நீளம் என்பதைப் போல அதுவும் ஒரு செய்தி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவு ஒரு மணிவரை படித்தேன். முடிதிருத்தகத்தில் மனிதர்கள் எதை எதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வார்கள் என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போர்வையைக் கழுத்தில் கட்டிக் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்த பிறகு, நாட்டு நடப்பிலிருந்து சம்பந்தி வீட்டுச் சண்டைவரை தானாக வெளியே வரும். துப்பறிபவருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இல்லை.

அதன் பிறகு அந்தக் கட்டில் இருந்தவற்றையும், என் பேத்தி கைக்கணினியில் இறக்கித் தந்தவற்றையும் தொடர்ந்து படித்தேன். இந்த நாவல்களின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்தபோது, நகைச்சுவைக்கும் முன்னால் எனக்குத் தட்டுப்பட்டது கதை வகையின் ஒரு விதி. தொடர் நாவல்களில் துப்பறிபவர் பொதுவாகச் சாவதில்லை. அவரைக் கட்டிப்போடுவார்கள், காரில் துரத்துவார்கள், மண்டையில் அடிப்பார்கள்; ஆனாலும் கடைசி அத்தியாயத்தில் கட்டுப்போட்ட தலையோடு காப்பி குடித்துக்கொண்டிருப்பார், அடுத்த நாவலில் மறுபடியும் வருவார். சங்கர்லால் எத்தனை ஆபத்துக்குப் பிறகும் தேநீர் அருந்த மீண்டு வருவார் என்பதில் என் வாசகர் ஒருவருக்காவது ஐயம் இருந்ததில்லை.

இந்த விதி இந்த மனிதர்களுக்கு எவ்வளவு பெரிய கொடை என்பது, அதற்கு முன்னால் இருந்ததைப் பார்த்தால்தான் விளங்கும். நீண்ட காலம் துப்பறியும் நாவல்களில் ஆணை விரும்பும் ஆணுக்கு மூன்று வேடங்களே கிடைத்தன: பிணம், கொலையாளி, அல்லது மிரட்டிப் பணம் பறிக்கப்படுபவர். 1930இல் நூலாக வந்த புகழ்பெற்ற அமெரிக்க நாவல் ஒன்றில் அப்படிப்பட்ட ஒருவர் அறைக்குள் நுழையும்போதே அவரோடு வாசனைத் திரவியத்தின் மணமும் நுழைகிறது. அந்த மணத்தை வைத்தே வாசகர் அவரை எடைபோட்டுவிட வேண்டும் என்பது ஆசிரியரின் ஏற்பாடு. அகதா கிறிஸ்டி கொஞ்சம் கனிவானவர். 1950இல் வெளிவந்த, மிஸ் மார்ப்பிள் துப்பறியும் நாவலில் ஹிஞ்ச்கிளிஃப், மர்காட்ராய்ட் என்னும் இரு பெண்களை ஒரே வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டு வாழவைத்தார். ஊரார் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் அந்த இருவரில் ஒருவரைக் கொன்றும் விட்டார். யார் கொன்றார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. பென்சில் ஆசாமியால் பட்டவள் நான்.

தங்கள் கட்டுரையாளர் பட்டியலிட்ட தீவிர நாவல்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒவ்வொன்றும் உயர்ந்த படைப்பு என்றே வைத்துக்கொள்வோம். அவற்றில் பெரும்பாலானவற்றில் நாயகன் கடைசியில் இறக்கிறான், அல்லது பிரிகிறான், அல்லது ஊரை விட்டுப் போகிறான். படிப்பவர் கண்ணீர் விடுகிறார், புத்தகத்தை மூடுகிறார், அந்த மனிதன் அவர் வாழ்க்கையிலிருந்து போய்விடுகிறான். அழுதுவிட்ட நிம்மதியும் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஆறு நாவல்களில் தொடர்ந்து வந்து, தலைமுடியைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் அலுத்துக்கொண்டு, பழைய காதலனை நினைத்துப் புலம்பி, புதியவனிடம் அசட்டுத்தனமாக உளறி, கொலையாளியையும் பிடித்துத் தருகிற ஸ்டான் அப்படிப் போய்விடுகிறவர் அல்லர். ஏழாவது எப்போது வரும் என்று கேட்கத் தோன்றுகிறது. இரக்கம் ஒரு நூலோடு முடிந்துவிடும். பழக்கத்துக்குத் தொடர் வேண்டும். என் நூலகத்தில் ‘விவேக் வந்தாச்சா’ என்று கேட்டவர்கள் அப்படிப் பழகியவர்கள்தான்.

வரலாறு தெரிந்துகொள்ள விரும்புவோருக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் கூடிய ஸ்டோன்வால் என்னும் மதுக்கூடத்தில் காவல்துறை புகுந்ததை எதிர்த்துக் கலவரம் மூண்டது 1969 ஜூன் 28 அதிகாலையில். அதற்கு அடுத்த ஆண்டு, ஜோசப் ஹான்சன் என்பவர் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் என்னும் காப்பீட்டு நிறுவனப் புலனாய்வாளரை அறிமுகம் செய்தார். நெடுநாள் உடன் வாழ்ந்த துணைவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தோடு, ஒரு மரணக் காப்பீட்டுக் கோரிக்கையை விசாரிக்கப் புறப்படுகிறவர் அவர். பிராண்ட்ஸ்டெட்டர் தொழில்முறைப் புலனாய்வாளர், சிரிக்கவும் மாட்டார். ஆனால் பன்னிரண்டு நாவல்கள், 1991 வரை, அவர் திரும்பத் திரும்ப வந்தார். கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். அதன் வழியே உள்ளே வந்தவர்கள் சிரிக்கத் தெரிந்தவர்கள்.

அவர்களில் எனக்குப் பிடித்த இருவர் டேனியல் வாலன்டைன், கிளாரிஸ் லவ்லேஸ். அவன் பாஸ்டனில் மதுக்கூடத்தில் பரிமாறுபவன், அவள் வீட்டுமனைத் தொழிலில் இருப்பவள், இருவரும் உயிர்த்தோழர்கள். நேதன் ஆல்டைன் என்ற ஒரே புனைபெயருக்குள் மைக்கேல் மெக்டவல், டென்னிஸ் ஷூட்ஸ் என்னும் இரண்டு நண்பர்கள் ஒளிந்துகொண்டு 1980க்கும் 1986க்கும் இடையில் நான்கு நாவல்கள் எழுதினார்கள். நான்குக்கும் நிறங்களின் பெயரையே தலைப்பாக வைத்தார்கள். ஆண்டுகளைக் கவனியுங்கள். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயின் முதல் அறிக்கை வெளிவந்தது 1981 ஜூன் மாதத்தில். அந்த ஆண்டுகளில் ஒரு சமூகம் மருத்துவமனைக்கும் இடுகாட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தபோது, வம்பு பேசிச் சிரித்துக்கொண்டே கொலையாளியைத் தேடும் ஒருவன் அவர்களுக்கு வேண்டியிருந்தான் என்பதில் எனக்கு வியப்பில்லை. அந்த இரு நண்பர்களில் மெக்டவல் 1999இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் காலமானார். அவர் படைத்த டேனியல் சாகவில்லை. இதை ரயிலில் பொழுது போக்க உதவும் சரக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் சென்னையும் இந்தக் கதைக்கு அந்நியமன்று. இந்தியாவில் இந்த நோய்க்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல் இந்த நகரத்தில்தான், டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில்.

துப்பறிபவர் ஏன் காவல்துறை ஆளாக இல்லாமல் சாதாரண மனிதராக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கும் இந்த வரலாற்றில் விடை இருக்கிறது. மற்றத் துப்பறியும் கதைகளில் காவலர் திறமையற்றவராக இருப்பது ஒரு வசதி. அப்போதுதானே சாம்புவுக்கும் மிஸ் மார்ப்பிளுக்கும் வேலை இருக்கும். இந்த நாவல்களில் நிலைமையே வேறு. கொல்லப்பட்டவன் யாருடன் வாழ்ந்தான், எங்கே பழகினான் என்று தெரிந்தவுடன் காவலருக்கு அக்கறை குறைந்துவிடுகிறது, அல்லது மிச்சமிருக்கும் நண்பன்மீதே சந்தேகம் திரும்பிவிடுகிறது. ஜோஷ் லான்யன் 2000இல் அறிமுகப்படுத்திய ஏட்ரியன் இங்கிலிஷ் ஒரு புத்தகக் கடைக்காரர், பலவீனமான இதயம் கொண்டவர். அவர் கடையில் வேலை பார்த்த நண்பன் கொல்லப்பட்டதும் காவல்துறை முதலில் கதவைத் தட்டுவது இவர் வீட்டில். வேறு வழியில்லாமல் துப்பறிகிறார். புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து வயிறு வளர்த்தவள் என்ற முறையில் எனக்கு அவர்மீது தனிப் பாசம் உண்டு.

மிரட்டிப் பணம் பறிப்பதும் இப்படித்தான். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கி 1885இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்துக்கு ‘மிரட்டுவோரின் சாசனம்’ என்றே பெயர் வந்துவிட்டது. புகார் கொடுக்கப் போனால் புகார் கொடுப்பவரே சிறைக்குப் போக வேண்டும். அந்தத் தடை அங்கே 1967இல் தளர்ந்தது. இதே உறவைத் தண்டித்த, 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 அன்றுதான் இந்த அளவில் செயலிழந்தது. சட்டம் போன பிறகும் பயம் போகவில்லை என்பதற்கு, செயலி வழியாகப் பழகி வரவழைத்து மிரட்டும் கும்பல்களைப் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது வரும் சிறு செய்திகளே சாட்சி. காவல் நிலையத்துக்குப் போகத் தயங்கும் ஒருவன், தெருமுனை முடிதிருத்துபவரிடம் போவான். கதையின் நியாயம் அங்கே தானாகப் பிறந்துவிடுகிறது.

மேலும், இப்படிப்பட்ட மனிதருக்குத் துப்பறியும் கலை பிறவியிலேயே வாய்த்ததைப் போல அமைவதற்கும் காரணம் உண்டு. பதினைந்து வயதிலிருந்து யாருக்குத் தெரியும், யார் சந்தேகிக்கிறார்கள், எந்தச் சொல்லுக்குப் பின் யார் முகம் மாறுகிறது என்று கவனித்துக் கவனித்தே வளர்ந்தவனுக்கு, பொய் சொல்கிறவனின் கை எங்கே போகும் என்பதைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. மார்க் ரிச்சர்ட் சூப்ரோவின் நாவல்களில் டாம் மேசன் சிகாகோ பக்கத்தில் பள்ளி ஆசிரியர். அவருடைய காதலர் ஸ்காட் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே திருட்டைக் கண்டுபிடிக்கும் ஆசிரியர், தன் வீட்டு ரகசியத்தை ஊடகங்களிடமிருந்து காப்பாற்றவும் பழகியவர். இந்த இரட்டைத் திறமைதான் அவரைத் துப்பறிவாளர் ஆக்குகிறது.

நகைச்சுவையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடிதம் பாதிதான். நம் திரைப்படங்களில் நளினமாக நடக்கும் ஆண் வந்தவுடன் அரங்கு சிரிக்கத் தயாராகிவிடும். அவர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அவரைப் பார்த்து நாயகன் பதறி விலகுவதே வசனம். இந்த நாவல்களில் அதே மனிதர் கதையைத் தன் வாயால் சொல்கிறார், அதனால் கேலியின் சாவி அவர் கையில் இருக்கிறது. அவர் பணக்காரர்களின் விருந்தைக் கேலி செய்கிறார், பக்கத்து வீட்டுக்காரரின் நாயைக் கேலி செய்கிறார், எல்லாரையும்விட அதிகமாகத் தன்னைக் கேலி செய்துகொள்கிறார். டீன் ஜேம்ஸ் 2002இல் தொடங்கிய தொடரில் இந்த விளையாட்டு உச்சத்துக்குப் போகிறது: சைமன் கர்பி-ஜோன்ஸ் ஆண்களை விரும்புகிறவர், வரலாற்று ஆய்வாளர், அதோடு இரத்தக் காட்டேரியும்கூட, மாத்திரை போட்டுக்கொண்டு பகலிலும் நடமாடுகிறார், ஸ்னப்பர்ட்டன் மம்ஸ்லி என்னும் ஆங்கிலக் கிராமத்தில் குடியேறித் தேவாலயக் குழுவின் அரசியலில் சிக்கிக்கொள்கிறார். அந்தக் கிராமத்தில் அவர் மறைத்துவைக்க வேண்டிய ரகசியம், அவர் யாரை விரும்புகிறார் என்பதன்று. எதைக் குடித்து வாழ வேண்டியவர் என்பதே. இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பத்துக் கட்டுரைகளால் செய்ய முடியாது என்று பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன, நூலகக்காரி பொய் சொல்லக் கூடாது. பல நாவல்களில் கொலையாளியை நூறாம் பக்கத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். சிற்றூர்களில் ஆண்டுக்கு மூன்று கொலை விழுகிறது, ஆனாலும் யாரும் வீட்டைக் காலி செய்துகொண்டு போவதில்லை. நாயகர்களுக்கு வாய்க்கும் காதலர்கள் எல்லாரும் விளம்பரப் படத்திலிருந்து இறங்கி வந்தவர்களைப் போல இருக்கிறார்கள். தொந்தியும் வழுக்கையும் கொண்ட ஒருவரைக் காண ஏங்கிப் போனேன். ஆங்கிலத்தில் ‘டை’ என்று ஒரே ஒலியில் சாயத்தையும் சாவையும் இணைக்கும் தலைப்புச் சிலேடைகளைத் தமிழில் கொண்டுவர எந்த மொழிபெயர்ப்பாளராலும் முடியாது.

ஆகவே மொழிபெயர்ப்பதைவிட, இங்கேயே எழுதுவதுதான் நல்லது என்பது என் கருத்து. தேவன் 1942இல் ஆனந்த விகடனில் தொடங்கிய சாம்புவைவிடப் பெரிய முன்னோடி நமக்கு வேண்டுமா? வழுக்கைத் தலையும் அப்பாவித்தனமுமாகக் குருட்டு அதிர்ஷ்டத்தாலேயே குற்றங்களைத் துலக்கிய அந்த மனிதரை மேதை என்று நம்பிய இன்ஸ்பெக்டர் கோபாலனோடு சேர்ந்து, நாமும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரை நேசித்து வருகிறோம். துப்பறிபவர் வீரராக இருக்க வேண்டியதில்லை, பிடித்தமானவராக இருந்தால் போதும் என்பதைத் தமிழ் வாசகருக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டாம்.

சென்னையும் இதற்கென்றே அமைந்த ஊர். ‘குடும்பத்தினருக்கு மட்டும்’ என்று பலகை மாட்டிய வீட்டுக்காரர், கல்யாணமாகாத ஓர் ஆணும் பெண்ணும் வந்தால் கதவைச் சாத்துவார். இரண்டு ஆண்கள் வந்து, ஒரே அலுவலகம், உறவுக்காரர்கள் என்று சொன்னால், மாமிசம் சமைக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சாவியைத் தந்துவிடுவார். இந்த நகைமுரணில் மட்டுமே மூன்று அத்தியாயம் எழுதலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வருகைப் பதிவேடு, எல்லார் வீட்டுச் சட்டையையும் அறிந்த இஸ்திரிக்காரர், மார்கழியில் சபா கேண்டீனில் கீரை வடைக்கு நிற்கும் வரிசை, அந்த வரிசையில் யார் யாரோடு பேசவில்லை என்பதைக் கவனிக்கும் மாமிகள் என்று, துப்புக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. ஏட்ரியனின் தாயார் அவர் வாழ்க்கையில் மூக்கை நுழைப்பது பெரிய நகைச்சுவையாக அங்கே சொல்லப்படுகிறது. முப்பத்து நான்கு வயது மகனின் ஜாதகத்தை நாலு தரகரிடம் கொடுத்துவைத்து, பெண் வீட்டாரின் மூன்று தலைமுறையை இரண்டே தொலைபேசி அழைப்பில் விசாரித்து முடிக்கும் மாம்பலத்துத் தாயாரின் முன்னால் அந்த அம்மையார் எம்மாத்திரம்? மகன் கொலையைத் துப்பறிய, தாய் மகனைத் துப்பறிய, முதலில் கண்டுபிடிப்பது தாயாகத்தான் இருக்கும்.

துப்பறியும் கதையில் இந்த விஷயம் எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலா அணிந்துவரும் பனியன்களில் என்ன வாசகம் எழுதியிருக்கிறது என்பதை வரிக்கு வரி நினைவு வைத்திருந்த வாசகர்கள் என் நூலகத்தில் குறைந்தது நாற்பது பேர். கணேஷின் வழக்கில் வசந்த்தின் சபலத்துக்கு என்ன வேலை என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. காதலும் சீண்டலும் நம் துப்பறியும் கதைகளில் எப்போதும் உப்பைப் போல இருந்துவந்திருக்கின்றன. யாருடைய உப்பு என்பதில்தான் இப்போது ஆட்சேபம் வருகிறது.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், 2021இல், தமக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகு ஆணை பிறப்பித்ததும், அந்த வழக்கின் தொடர்ச்சியாக மதிப்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலை மாநில அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டதும் தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சொற்களால்தான் இந்தக் கடிதத்தையே கூச்சமின்றி எழுத முடிகிறது. ஆனால் அரசிதழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு நாவலில் ஒரு பாட்டி தன் பேரனைப் பற்றி அடுத்த வீட்டாரிடம் பேச முடியாது. அவள் என்ன சொல்லுவாள்? “அவனுக்கு அந்தப் பையன்தான் எல்லாம்” என்று சொல்லக்கூடும். இப்படிப்பட்ட வாக்கியங்களைக் கண்டுபிடிக்கும் வேலை நாவலாசிரியர்களுக்கு மிச்சமிருக்கிறது; அதிலும் பேச்சை நம்பியே ஓடும் நகைச்சுவை நாவலுக்கே அந்த வேலை அதிகம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பன்னிரண்டு வாரத் தொடராக ஒன்றை வெளியிட்டுப் பார்க்கலாமே என்பது என் கோரிக்கை.

கடைசியாக அந்தப் பென்சில். என் நூலகத்துக்குச் சனிக்கிழமை மாலைகளில் இரண்டு ஆண்கள் சேர்ந்தே வருவார்கள். ஒரே உறுப்பினர் அட்டை, ஒரே முகவரி. ஒருவர் அரசு ஊழியர், மற்றவர் தையற்கலைஞர். தெருவில் அண்ணன் தம்பி என்றார்கள். முகச்சாயல் துளியும் கிடையாது. நான் எதுவும் கேட்டதில்லை. துப்பறியும் நாவல்களாகவே எடுப்பார்கள். சென்ற ஆண்டு ஆரிய கவுடா சாலைக் காய்கறிக் கடையில் இருவரையும் பார்த்தேன். இருவருக்கும் முடி முழுவதும் நரைத்திருந்தது. புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பழைய வழக்கப்படி கேட்டார்கள். ஆங்கிலம் பரவாயில்லையா என்று கேட்டுவிட்டு, பாரதி சாலைக் கட்டில் இருந்த பாஸ்டன் முடிதிருத்துநரின் நாவல்களில் இன்னொன்றைக் கொடுத்தேன். பத்து நாளில் இருவருமாக வீட்டுக்கு வந்து திருப்பித் தந்தார்கள். நாற்பது ஆண்டாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்பதை அன்றுதான் அந்தச் சொற்களிலேயே, காப்பி ஆறும்வரை மெதுவாகச் சொன்னார்கள். அவர்கள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பழக்க தோஷத்தில் முதல் பக்கத்தைப் புரட்டினேன். கீழ்மூலையில், பொடியான, அழகான எழுத்தில், பென்சிலால் ஒரு பெயர். நிமிர்ந்து பார்த்தேன். தையற்கலைஞர் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் படித்து முடிப்பவர் எப்போதும் அவர்தானாம். மற்றவருக்கு இரத்தக்கொதிப்பு, யார் கொன்றார் என்று தெரியாமல் பாதியில் விளக்கை அணைத்தால் இரவு முழுவதும் தூக்கம் வராது என்பதால், அவர் நிம்மதியாக உறங்கட்டும் என்று ஒவ்வொரு நூலிலும் பெயரை முன்பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுவாராம். பிறகு அழித்துவிடத்தான் நினைப்பாராம், மறந்துபோகுமாம். இருபது ஆண்டு ரப்பர் செலவுக்கு நான் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த நாவலை நான் இன்னும் படித்திருக்கவில்லை என்பதை மட்டும் அவரிடம் சொன்னேன்.

இப்படிக்கு,
முன்னாள் வாடகை நூலக உரிமையாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 600 033.